மூச்சுக்கு மூணு இன்ச்

"டேப்பு, இதென்ன அரை இன்ச்சு? கண்ணு தெரியுதா, இல்ல கண்ணாடி வாங்கித் தரணுமா?"

மாஸ்டர் அளவு நோட்டை மேசையில் போட்டார். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்குவதால் அந்த இசை நாடகக் கம்பெனியின் தையல்கூடத்தில் அவளுக்கு டேப்பு என்றே பெயராகிவிட்டது. இந்த நாட்டுக்கு வந்து இரண்டரை மாதம். மூன்றாவது மாத முடிவில் கம்பெனி கையெழுத்துப் போட்டால்தான் வேலையும் விசாவும் நிலைக்கும்.

"ரெண்டு தடவை அளந்தேன் மாஸ்டர். மூச்சை விட்டுட்டு ஒண்ணு, நல்லா இழுத்துப் பிடிச்சு ஒண்ணு. மேடத்துக்கு விலாப்பக்கம் அரை இன்ச்சுதான் விரியுது."

"கூட்டத்துல நின்னு பாடுற சின்னப் பொண்ணுக்கே ரெண்டு இன்ச் விரியுது. இவங்க நாடகத்துக்கே நாயகி." மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "நாடாவைப் பார்த்ததும் மூச்சைத் திருடுவாங்கம்மா. இடுப்பு சின்னதாத் தெரியணுமில்ல. நீ கண்டுக்காம மூணு இன்ச் விட்டுத் தை. போன வருஷம் ஒருத்தருக்கு உச்சஸ்தாயில கோட்டு பிரிஞ்சிடுச்சு. தச்சவன் மறுநாளே மூட்டையைக் கட்டிட்டான்."

அவள் மூன்று இன்ச் விட்டே தைத்தாள். போட்டுப் பார்க்கும் நாளில் மேடம் கண்ணாடி முன் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இது கவுனா, தலையணை உறையா?"

"மேடம், கடைசிப் பாட்டுல நீங்க ரொம்ப நேரம் இழுத்துப் பிடிக்கிறீங்க. அப்ப மூச்சுக்கு இடம்..."

"பாடுறது என் வேலை, தைக்கிறது உன் வேலை. ரெண்டையும் நீயே பார்க்காதே. உடம்போட ஒட்டினாப்ல பிடி."

பிடித்தால் மாஸ்டர் கொல்வார். பிடிக்காவிட்டால் மேடம் கொல்வார். கவுனைக் கழற்றி எடுத்துக்கொண்டு நடைவழிக்கு வந்தபோது, மேடத்துக்கு உடை மாட்டிவிடும் அக்கா பின்னாலேயே வந்தாள். கழுத்தைச் சுற்றி மப்ளர், கையில் வெந்நீர் ஃபிளாஸ்க். ஒரு வார்த்தைக்கு மேல் பேசினால் வரி கட்ட வேண்டும் என்பதுபோல வாயை மூடியே இருப்பவள்.

"சொன்னபடி பிடிச்சிடும்மா. கிழியாது."

"கிழிஞ்சா நான் ஊருக்குப் போகணும்க்கா."

"கிழியாது. நான் பொறுப்பு."

"நீங்க எப்படிக்கா பொறுப்பாவீங்க?"

"பதினோரு வருஷமா நான்தான் கொக்கி மாட்டிவிடுறேன். அந்த உடம்பு எனக்குத் தெரியாதா?" அக்கா ஃபிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். "என் கறுப்புச் சட்டையும் அப்படியே அளந்துக்கோ. பழசு நைஞ்சு போச்சு."

மேடைக்குப் பின்னால் வேலை பார்க்கும் எல்லாருக்கும் கறுப்புச் சட்டைதான். இருட்டில் இருட்டாக நிற்க வேண்டுமே. டேப்பு அங்கேயே நாடாவை எடுத்தாள்.

"மூச்சை இழுத்துப் பிடிக்கணுமாம்மா?"

"அய்யோ, அதெல்லாம் பாடுறவங்களுக்குக்கா. நீங்க சும்மா நில்லுங்க."

அக்கா சும்மா நின்றாள்.

முதல் காட்சி அன்று காலை அம்மா ஃபோன் செய்தாள். "வேலை நிரந்தரமாயிடுச்சாடி?"

"ஆயிடும்மா."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்று பொய் சொன்னாள்.

மாலை அரங்கம் நிரம்பி வழிந்தது. டேப்பு இடது பக்கத் திரைக்குள் ஊசியும் நூலுமாக நின்றாள். எதிர்ப்பக்கத் திரையின் மறைவில் அக்கா. மேடத்துக்கு எப்போதும் அக்கா அங்கேயே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மேடைக்கே வரமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கடைசிப் பாட்டு. குரல் ஏறியது. இன்னும் ஏறியது. உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது. டேப்பு மேடத்தின் முகத்தைப் பார்க்கவே இல்லை, தான் இறுக்கிப் பிடித்த விலாப்பக்கத் தையலையே பார்த்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தவளுக்குப் பதினெட்டில் தன் மூச்சைத்தான் விட வேண்டியிருந்தது. தையல் ஒரு நூல்கூட அசையவில்லை. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

"மேடத்துக்கு உன் கவுன் ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். நாளைக்கே கையெழுத்தாம்" என்றார் மாஸ்டர். "மூணு இன்ச் விட்டியே, அதான் தப்பிச்ச."

அந்த மூன்று இன்ச்சையும் பிடித்துவிட்டதை டேப்பு சொல்லவில்லை.

ஒப்பனை அறையில் கவுனை உள்பக்கம் வெளியே திருப்பிப் பார்த்தாள். பாடி முடித்தவர்களின் உடையைப் பிழிந்தால் ஒரு குவளை வேர்வை வரும் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். இது இஸ்திரிப் பெட்டியிலிருந்து இப்போதுதான் வந்ததுபோல உலர்ந்து கிடந்தது. வெளியே ரசிகர்கள் மேடத்தைச் சூழ்ந்துகொண்டு ஒரே ஒரு வரி பாடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"தொண்டைக்கு ஓய்வு குடுக்கணும்பா" என்று மேடம் சிரிப்பது கேட்டது.

கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தாள். முகமெல்லாம் வேர்வை. இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே இறுக்கிக் கட்டியிருந்தாள். கதவைத் தாழிட்டுவிட்டு மெதுவாகக் கைகளைத் தூக்கினாள். புத்தம்புதுக் கறுப்புச் சட்டை, அக்குளிலிருந்து இடுப்புவரை, இரண்டு விலாப்பக்கமும் தையல் பிரிந்து தொங்கியது.

"அடுத்த சட்டையில" என்றாள் அக்கா, கரகரத்த குரலில், "எனக்கும் அந்த மூணு இன்ச்சை விட்டுடும்மா."