ரோஸ் கஞ்சி

அவள் கடைசிக் கோப்பையையும் தட்டில் வைத்தாள்.  

அறைக்குள் சிவப்பு பல்பு மட்டும் எரிந்தது.

சுவை பார்க்க வருகிறவர்கள் நிறத்தில் மயங்கிவிடக் கூடாது. அதற்காகத்தான் அந்த பல்பு. சத்துணவியல் துறையில் அப்படி ஒரு வழக்கம். கோப்பையில் பெயர் இருக்காது, ஏதோ ஓர் எண் இருக்கும். ஒரு வாய் குடித்து, வெந்நீரில் கொப்பளித்து, அடுத்ததை எடுக்க வேண்டும். யாரும் வாய் திறந்து பேசக் கூடாது.

பலகைத் தடுப்புகளுக்குள் விரிவுரையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் தடுப்பில் சுகிர்தா மேடம். துறைத் தலைவர். அவளுடைய எம்.எஸ்சி. ஆய்வுக்கு வழிகாட்டியும் அவர்தான். இதுவரை காட்டியது வாசல் கதவை மட்டும்.

இன்று அவள் ஆய்வுக்காகத் தயாரித்த கஞ்சி தேறாவிட்டால் ஆய்வுத் தலைப்பையே மாற்ற வேண்டும். இன்னும் ஒரு வருடம். இதே அறை, இதே முகம். பட்டம் கையில் வந்ததும் வேலைக்கு வரச் சொன்ன ஆஸ்பத்திரி அதுவரை காத்துக்கொண்டிருக்காது.

எல்லாம் முதல் வருடம் அவள் கேட்ட ஒரு கேள்வியால் வந்தது.

மேடத்தின் ரோஸ் கஞ்சி அந்தக் கல்லூரியில் பிரசித்தம். இரத்தசோகைக்கு அவர் உருவாக்கிய கஞ்சி மாவு. டாக்டர் பட்டம் வாங்கியதே அதில்தான். பீட்ரூட் சேர்ப்பதால் வரும் அந்த நிறத்தை வாட்ச்மேன்கூடத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடுவார். துறை வாசலில் பாக்கெட் போட்டு விற்கிறார்கள், மேடத்தின் படத்தோடு.

பீட்ரூட்டில் அவ்வளவு இரும்புச்சத்து கிடையாதே மேடம், என்று அவள் வகுப்பில் கேட்டுவிட்டாள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மேடம் அன்றைக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தே அவள் சுதாரித்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து அவள் தொட்டதெல்லாம் குற்றம். கேழ்வரகும் கறுப்பு எள்ளும் வறுத்து அரைத்து அவள் தயாரித்த கஞ்சியை, முதல் தடவை கசக்கிறது என்றார். அடுத்த தடவை நறநறக்கிறது என்றார். அவளும் சளைக்காமல் வறுத்தாள், சலித்தாள், மறுபடி அரைத்தாள். ஹாஸ்டல் பெண்கள் இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

போன மாதம் மூன்றாவது தடவை. நாற்றம் என்று எழுதி வைத்துவிட்டு மேடம் எழுந்து போனார்.

கோப்பையைக் கழுவ எடுத்தபோதுதான் அவள் பார்த்தாள். கஞ்சியின் மேல் படிந்த ஏடு கலையாமல் இருந்தது. கரண்டி படவே இல்லை.

அவள் அழவில்லை. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

முறைப்படி இன்று இரண்டு கோப்பைகளில் அவளுடைய கலவைகள் இருக்க வேண்டும். ஒன்றில், ஒப்பிட்டுப் பார்க்க, மேடத்தின் கஞ்சி.

அவளுடைய கஞ்சி பக்கத்து அறையில் மூடி திறக்காமல் இருந்தது.

எல்லாத் தட்டுகளிலும், மூன்று கோப்பைகளிலும், ரோஸ் கஞ்சி.

தெரிந்தால் ஆய்வில் மோசடி என்று சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதெல்லாம் யோசித்துத்தான் செய்தாள். யாரிடமும் சொல்வதாக இல்லை. அவளுக்குத் தெரிந்தால் போதும்.

சிவப்பு வெளிச்சத்தில் ரோஸ் நிறம் போன இடம் தெரியவில்லை. வெறும் வெளுத்த கஞ்சி.

மேடம் முதல் கோப்பையில் ஒரு வாய் குடித்தார். தலை லேசாக ஆடியது. இரண்டாவதில் புருவம் நெளிந்தது, ஆனாலும் விழுங்கினார். மூன்றாவதை எடுக்கும்போது நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அவள் தன்னையறியாமல் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

மேடத்துக்கு அது போதும். வாயில் வைத்த வேகத்தில் பக்கத்துக் கிண்ணத்தில் துப்பினார். எல்லோருக்கும் கேட்கும்படி துப்பினார்.

"இதைக் குடிச்சா ரத்தம் ஊறாது. இருக்கிறதும் வத்திப்போகும்."

 பிறகு அடுத்த தடுப்பில் யாரோ துப்பினார்கள். அதற்கடுத்த தடுப்பிலும். கடைசித் தடுப்பில் இருந்தவர் அந்தக் கோப்பையை முக்கால்வாசி குடித்திருந்தார். அவரும் அவசரமாகக் கொப்பளித்துத் துப்பினார்.

மனசுக்குள் சிரித்துக்கொள்ளலாம் என்றுதான் அவள் நினைத்து வந்திருந்தாள். சிரிப்பு வரவில்லை.  இந்த நாக்குகளுக்குப் பயந்தா இத்தனை நாள் சாப்பிடாமல் தூங்காமல் மாவு சலித்தோம் என்று இருந்தது.

மேடம் கோப்பையோடு எழுந்து வந்து அதை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். இது உன் முதல் கலவையா, இரண்டாவதா என்று கேட்டார். புதுத் தலைப்புக்கு இப்போதே கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார். குரலில் சந்தோஷம் வழிந்தது.

இரண்டாவது, மேடம். அப்படிச் சொன்னால் முடிந்தது. ஒரு வருடம்தான் போகும். படிப்பாவது மிஞ்சும்.

"கேக்கறது காதுல விழலையா?"

விழுந்தது. நன்றாகவே விழுந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில் டியூப்லைட்டின் சுவிட்ச் இருந்தது. கண்ணை மேடத்தின் முகத்திலிருந்து எடுக்காமல், கையை மட்டும் பின்னால் விட்டுத் தேடினாள்.

கிடைத்தது. போட்டாள்.

பழைய டியூப்லைட். உடனே எரியவில்லை. ஒருமுறை மினுக்கியது. மறுபடியும் மினுக்கியது.

மேடம் இன்னும் கோப்பையை உயர்த்திப் பிடித்திருந்தார்.