இடைவெளியில் ஓர் ஆமென்

கணவர் ஆரோன் கடைசியாக ஆமென் சொன்னது எப்படி ஒலித்தது என்று தான் நினைப்பது சரிதானா என்பதில் புளோராவுக்கே இப்போது சந்தேகம். ஆஸ்பத்திரியில் அவருக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது பாஸ்டர் ஜெயசீலன் வரவில்லை. பாஸ்டரின் குரலில் ஏஐ செய்த ஜெபம்தான் வாட்ஸ்அப்பில் வந்தது. கேட்பவர்கள் ஆமென் சொல்வதற்காக நடுநடுவே அதில் இடைவெளி இருக்கும். பிரிக்பீல்ட்ஸ் சபை அலுவலகத்தில் வேலை பார்த்து, அதை அப்படி அமைத்தவளே புளோராதான். ஒவ்வோர் இடைவெளியிலும் ஆரோன் மூச்சு வாங்கி, "ஆமென் ஆண்டவரே" என்றார். அதை யாரும் பதிவு செய்யவில்லை.

அடக்கம் முடிந்த வாரம், சபையார் எல்லாருக்கும் அனுப்பிய ஏஐ காலை ஜெபத்தை அவளும் கேட்டாள். இடைவெளியில் அதே இழுப்பு, அதே ஆமென். அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று செய்தாள். அதிலும் இருந்தது.

"பாஸ்டர், இது என் வீட்டுக்காரர் சாகும்போது விட்ட மூச்சு. நிறுத்திடுங்க."

ஜெயசீலன் அவள் நீட்டிய போனைக் காதில் வைத்துக் கேட்டார். மீசையில் ஒட்டிய தே தாரிக் தேநீரின் நுரையைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தானே இருக்கு சிஸ்டர். கிள்ளான் பக்கத்து ஆன்டிங்கெல்லாம் கேட்டு அழறாங்க லா. அப்படியே விடுங்க."

புளோரா அலுவலகச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பாஸ்டர் பூச்சோங்கில் இன்னொரு சபை திறந்திருக்கிறார். ஆன்டிகள் தினமும் கேட்கிறார்கள். புளோரா எந்தச் சபைக்கும் போவதில்லை. ஆரோன் கல்லறையில் இருக்கிறார். காலை ஜெபத்தில் இன்னும் மூச்சு வாங்குகிறார்.