கூட்டத்தில் வைத்த துப்பாக்கி

ராணுவக் கேப்டன் நல்லெண்ணத்தில்தான் தன் கைத்துப்பாக்கியைக் கழற்றி மலையூர்த் தலைவர்களின் கூட்டத்து நடுவே வைத்தார். மலைப்பாதையைக் காக்க ஊருக்கு ஊர் தலைவர்கள் ஆள் தரவேண்டும், மாகாணத்தில் சண்டை ஓய வேறு வழியில்லை என்று பேசி முடித்துவிட்டு அவர் குனிந்தபோது, ஊர்த்தலைவியான மூப்பத்தி மருதியின் உள்ளங்கை துப்பாக்கியின் மேல் இருந்தது.

"நடுவுல வெச்சத, பேச்சு தீராம யாரும் எடுக்கக் கூடாதுங் சார். எங்க வழக்கம்."

"அதான் பேசியாச்சேம்மா!"

"நீங்க பேசினீங்க. நாங்க இன்னும் வாயே தொறக்கல."

சிப்பாய்களின் துப்பாக்கிகள் அவள் பக்கம் திரும்பின. மருதி உள்ளங்கையை இன்னும் அழுத்தினாள். கலகக்காரர்களுக்கு வேண்டியவன் என்ற சந்தேகத்தின் பேரில் சிப்பாய்கள் முகாமுக்குக் கொண்டுபோன அவள் மகன் இன்னும் வீடு திரும்பவில்லை.

"எம் பையன அங்க அடைச்சு வெச்சிருக்கீங்க. அடுத்தவ பையனக் காவலுக்கு அனுப்புன்னு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது?"

எதற்கெடுத்தாலும் அவளோடு மல்லுக்கு நிற்கும் புருஷன் செவணன் எழுந்து வந்தான். "நகருடி, எனக்கும் எடம் வேணும்" என்று ஒட்டி உட்கார்ந்து, அவள் கைமேல் தன் கையை வைத்தான். அடுத்த ஊர் மூப்பனும் எழுந்து வந்து அதன்மேல் கைவைத்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர்.

கேப்டன் வயர்லெஸ்ஸை எடுத்தார். பையனை விடச் சொல்லப்போகிறாரா, கூடுதல் படையைக் கூப்பிடப்போகிறாரா, யாருக்கும் தெரியவில்லை. ஒரு கையும் விலகவில்லை.