ஜிம்மை விட்டு வந்தவர்கள்

தப்... தப்... தப்...

இருட்டில் யாரோ மூட்டைகளைத் தூக்கித் தூக்கித் தரையில் போடுவது போல ஒரு சத்தம். பிறகு ஒரு விசில். பிறகு பெண்களின் குரலில், "பதினொண்ணு... பன்னெண்டு..."

அப்புறம் சட்டென்று ஒன்றுமே இல்லை.

அவளுக்கு அந்தச் சத்தத்தைவிட, அது நிற்பதுதான் பயமாக இருந்தது. ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் தப், தப்.

"ஆரம்பிச்சுட்டாளுங்க," என்றான் கணவன். இன்னும் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "நான் எப்படா வீட்டுக்குள்ள கால் வைப்பேன்னு காத்துக்கிட்டு இருப்பாளுங்க போல."

முதல் மாடியில் அவர்கள் வீடு. ஜன்னலுக்கு நேர் கீழே, கார் நிறுத்தும் இடத்தில், எட்டுப் பத்துப் பெண்கள். இரண்டு மாதமாகத் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு இதே கூத்துதான்.

"பின்னாடி கட்டடத்துல ஏசி போட்டு ஜிம் எதுக்குக் கட்டி வெச்சிருக்கான்? அங்க போய்க் குதிக்க வேண்டியதுதானே? ஊருக்கே காட்டணுமா?"

"நான் வேணா நாளைக்கு செக்ரட்டரிகிட்ட..."

"இப்பப் போ. குழந்தையையும் தூக்கிட்டுப் போ. குழந்தை தூங்கலை, இடத்தைக் காலி பண்ணுங்கன்னு சொல்லு." கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். "இன்னியோட இது நிக்கணும். நிக்கலைன்னா..."

முடிக்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவன் பேசினால் மிச்சத்தை அவளே முடித்துக்கொள்வாள்.

இரண்டு மாதமாகத்தான் வீட்டில் கொஞ்சம் அமைதி. அதையும் இந்தப் பெண்கள் கெடுத்துத் தொலைக்கப் போகிறார்கள்.

ஐந்து மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். எப்படியாவது இன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். கெஞ்சியாவது.

"வாம்மா, வா!" என்றாள் ஸ்கூல் வேன் ஓட்டுகிற அக்கா, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கியபடி. "பையனை இப்படிக் குடு. ஏழு கிலோ இருப்பானா? எனக்கு டம்பெல்ஸ் மிச்சம்."

"நான் விளையாட வரலைக்கா. குழந்தை தூங்க மாட்டேங்கறான். தயவுசெஞ்சு எல்லாரும் ஜிம்முக்கே போயிடுங்க."

குழந்தை அவள் தோளில் வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"அந்த ட்ரெட்மில்லா?" என்றாள் வேன் அக்கா. "ஒரு மணி நேரம் ஓடினாலும் அதே செவுத்துக்கு முன்னாடிதான் நிக்கணும். நாள் முழுக்க வண்டிக்குள்ளயே அடைஞ்சு கெடக்கேன். கொஞ்சம் காத்து வாங்க விடும்மா."

"காத்து வாங்க என் ஜன்னலுக்குக் கீழதான் இடம் கெடைச்சுதா?" என்று மேலே கையைக் காட்டினாள். "நடுநடுவுல நிறுத்திட்டு எங்க வீட்டையே அண்ணாந்து பாக்கறீங்க. அப்படி என்ன வேடிக்கை? இன்னிக்கு ஒரு நாள் போயிடுங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

விசில் வைத்திருந்த நர்ஸம்மா கிட்டே வந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். எப்போதும் அதட்டுகிற குரல் இப்போது தணிந்திருந்தது.

"ஜிம்முல சத்தமாப் பாட்டு போடறாங்கம்மா. காது கேக்கறதில்லை."

"உடம்பு இளைக்கறதுக்குக் காது எதுக்கு?"

"சொல்லிடுங்க நர்ஸம்மா," என்றாள் வேன் அக்கா.

"ரெண்டு மாசத்துக்கு முந்தி ஜிம் முடிச்சுட்டு வர்றோம். நீ மாடிப்படியில உக்காந்திருந்தே. உதடு கிழிஞ்சிருந்தது. குளியலறையில வழுக்கிட்டேன்னு சொன்னே. முப்பது வருஷம் காயத்துக்குக் கட்டுப் போட்டவ நான். வழுக்கின காயம் எது, மத்தது எதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் கை தானாக உதட்டுக்குப் போனது.

"அன்னிக்கு நீ கத்தினது அந்தப் பாட்டுல எங்க ஒருத்திக்கும் கேக்கலை. மறுநாளே இங்க வந்துட்டோம். உன் வீட்டுக்காரர் வண்டி உள்ள வந்ததும் விசில். கீழ ஆள் இருக்குன்னு அவருக்குத் தெரியணும், அதுக்குத்தான் கத்தி எண்ணறோம். நடுவுல நிறுத்தறது, மேல ஏதாவது கேக்குதான்னு பாக்க."

இரண்டு மாதமாக அவன் கை நீட்டவில்லை. மனுஷன் திருந்திவிட்டான் என்றல்லவா அவள் நம்பிக்கொண்டிருந்தாள்!

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வர இவ்வளவு நேரமா?"

பின்னால் அவன். பெண்களைப் பார்த்ததும் குரலில் தேன் ஒழுகியது. "பாருங்க மேடம், நாலு குடும்பம் நிம்மதியா வாழற இடம். அடுத்த வீட்டுக்காரங்களைப் பத்தியும் கொஞ்சம் நினைச்சுப் பாக்க வேண்டாமா?"

பிறகு அவள் காதருகே குனிந்து, "நீ மேல போ. வந்து பேசிக்கறேன்."

அவள் போனாள்.

நர்ஸம்மா விசில் ஊதினாள். பெண்கள் வரிசையாக வந்து, அவனுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் நின்றுகொண்டார்கள்.

"ஒண்ணு... ரெண்டு..."

"வழியை விடுங்க, மேடம்."

"மூணு... நாலு..."

மாடியில் அவள் கதவைச் சாத்தினாள். பூட்டுக்கு அவன் பாக்கெட்டிலும் ஒரு சாவி உண்டு. குழந்தையைக் கட்டிலில் கிடத்திவிட்டு, ஓடி வந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடத் தொட்டிராத மேல் தாழ்ப்பாளை, எக்கி, இரண்டு கையாலும் இழுத்துப் போட்டாள்.