சனிக்கிழமைப் பழுது

சனிக்கிழமை என்றால் ஆண்டியப்பனின் சாண எரிவாயு அடுப்பு எரியாது. அதைச் சரிபார்க்க, திட்ட அதிகாரி மகாலிங்கம் வட்டகொடையில் ரயில் இறங்கி, தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு ஏறி வருவார். தொழுவத்துக்குப் பின்னால் போய்ச் சாணக் குழியைப் பார்த்துவிட்டு வந்தால் அடுப்பு பற்றிக்கொள்ளும். அதிலேயே தேத்தண்ணி கொதிக்கும்.

ஆண்டியப்பன் குவைத்துக்கு வேலைக்குப் போன மனைவியைப் பற்றிப் பேசுவான். மகாலிங்கம், சண்டையில் யாழ்ப்பாணப் பாதை மூடியதால் பிள்ளைகளைப் பார்க்க முடியாத கதையைச் சொல்வார்.

இந்தச் சனிக்கிழமை அவர் குழிப் பக்கம் போகவில்லை.

"வாராவாரம் பழுது எண்டு ரிப்போட் போகுது. திட்டத்துக்குக் காசு குடுக்கிற வெளிநாட்டுக்காரர் அடுப்பைக் கழட்டி வேற தோட்டத்துக்குக் குடுக்கச் சொல்லிப்போட்டினம்."

"சரிங்க சார். அடுத்த வாரம் வெறகுல தேத்தண்ணி போடுறேன்."

மகாலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"குழியில பிழை இல்லை, ஆண்டியப்பன். ஒவ்வொரு கிழமையும் திரும்பிப் போகேக்க குழியடி வால்வைப் பூட்டினது நான்தான்."

"தெரியுங்க சார். நீங்க கீழ எறங்கினதும் தொறந்துருவேன். சனிக்கிழமை காலையில திரும்ப மூடி வச்சிருவேன்."