காலிக் கூடை

திருவாதவூர்ப் பக்கத்துக் கல்குவாரி வாசலில் அந்தி வெயில் சாய்கிறது. பாறை பிளக்கும் கருமருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் களவு போகிறது. குவாரியை நடத்தும் துரையின் சந்தேகம் இப்போது காவல்காரன் ஒச்சுவின் மேலேயே விழுந்திருக்கிறது. வேலை முடிந்த பெண்கள் கல்தூசியில் வெள்ளைவெளேரென்று நின்று மடியை உதறிக் காட்டுகிறார்கள். ஒச்சு அவர்களுடைய தூக்குவாளிகளைக் கம்பால் கிளறுகிறான். ஒன்றும் இல்லை. கடைசியாக வந்த இருளாயி, தலையிலிருக்கும் காலிக் கூடையை இறக்காமலே மடியை உதறுகிறாள். கூடைக்கடியில் துணி சுருட்டிய சும்மாடு புடைத்துக்கொண்டு நிற்கிறது. "ஏத்தா, காலிக் கூடைக்கு எதுக்குச் சும்மாடு?" "பழக்கந்தேண்ணே" என்று சிரிக்கிறாள். அவன் சிரிக்கவில்லை. மற்றவர்கள் நெற்றியில் வேர்வை வெள்ளையாக வழிகிறது. இவள் நெற்றியில் இறங்குவது மட்டும் கறுப்பாக இருக்கிறது.