கனி அங்கிளின் முதல் ரவுண்டு

“கனி அங்கிள். கனி அங்கிள்.”

அமீரா மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் இப்ராஹீம் திரும்பினார். சைக்கிள் சங்கத்தில் சேரும்போது நண்பர் நாகூர் கனியின் பெயரைக் கொடுத்தது அவருக்கே மறந்துவிட்டது.

தொந்தியை இறுக்கும் இந்தச் சட்டையும் ஹெல்மெட்டும் அவருக்கு வேண்டாத வேலைதான். ஞாயிற்றுக்கிழமை டன்லப் ஸ்ட்ரீட்டில் இருக்கும் தன் துணிக்கடையை விட்டு அவர் நகர்ந்ததே கிடையாது. ஆனால் மகன் ஸைஃப், கட்டினால் இந்தச் சங்கத்து அமீராவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்.

வீட்டுக்குப் போய்ப் பெண் பார்த்தால் எல்லாப் பெண்ணும் நல்ல பெண்ணாகத்தான் தெரியும். அசலாகப் பார்க்க வேண்டும் என்று மகனுக்குக்கூடச் சொல்லாமல் வந்துவிட்டார்.

காலாங் ஆற்றோரம் கூட்டம் பறந்தது. இப்ராஹீம் எல்லாருக்கும் கடைசி. அமீரா மட்டும் அவர் பக்கத்திலேயே மெதுவாக மிதித்து வந்தாள்.

“நீ முன்னாடி போம்மா. நான் வந்துடுறேன்.”

“கடைசி ஆள விட்டுட்டுப் போகக்கூடாது அங்கிள். நம்ம சங்கத்து ரூல் லா.”

மனதுக்குள் ஒரு மார்க் போட்டுக்கொண்டார்.

காப்பிக்கடையில் அவரை உட்கார வைத்துவிட்டு, அவர் எதுவும் சொல்லாமலே அவளே போய், சீனியில்லாத தே-ஓ கோசோங் வாங்கி வந்தாள். சர்க்கரை நோய் வந்ததிலிருந்து அவர் சீனி போட்ட தேநீரைத் தொடுவதில்லை. ருசித்துக் குடித்துக்கொண்டே இன்னொரு மார்க் போட்டார்.

“அங்கிள், கல்யாணம் ஆன பொண்ணு இப்படி சைக்கிள் எடுத்துட்டு சுத்துனா வீட்ல திட்டுவாங்களா?”

கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். நேற்றுக் கேட்டிருந்தால் இப்ராஹீம் வேறு பதில் சொல்லியிருப்பார். ஆற்றுக்காற்று வாங்கிவிட்டு வந்து அதைச் சொல்ல இப்போது மனம் வரவில்லை.

“எதுக்குத் திட்டணும்? போயிட்டு வரட்டும். எனக்கே நல்லாத்தான் இருக்கு.”

அமீராவின் முகம் மலர்ந்தது. இப்ராஹீம் நூற்றுக்கு நூறு போட்டுவிட்டார். பெண்ணுக்குக் கொஞ்சமும் தெரியாமல் பரீட்சை வைத்து முடித்துவிட்டோம் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அமீரா எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

“நீங்க பாஸ், மாமா.”